சைடர் கெடாமல் காப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பாக்டீரியா வழிகாட்டி

வீட்டில் சைடர் போட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஈஸ்ட் வாங்குவது என்பதைத்தான். அதற்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. கடையில் கிடைக்கும் எந்த ஒயின் ஈஸ்ட்டும் ஆப்பிள் சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக்கிவிடும், தோலோடு கூடவே வரும் காட்டு ஈஸ்ட்டுகூட அந்த வேலையைச் செய்துவிடும். சைடரைப் பாழாக்குவது பெரும்பாலும் பாக்டீரியா. நவம்பரில் போட்டு, நன்றாக நுரைத்து அடங்கி, பொன்னிறமாகத் தெளிந்து நின்ற ஜாடியை மே மாதத்தில் திறந்தால் வினிகர் நெடி முகத்தில் அடிக்கிறது, இல்லையென்றால் ஊற்றும்போது கொழகொழவென்று இறங்குகிறது. அப்போதுதான் பலர் பாக்டீரியாவைப் பற்றித் தேடிப் படிக்க உட்காருகிறார்கள். அதற்குள் அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும்.

மே மாதத்தில் வெளியே தெரிகிற பிரச்சினை பெரும்பாலும் பழம் பிழிந்த முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. சாற்றின் புளிப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு படுகிறது, எவ்வளவு சர்க்கரை மிச்சம் நிற்கிறது ஆகிய மூன்றையும் நீங்கள் கையில் வைத்திருந்தால் எந்த பாக்டீரியாவும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. மூன்றிலும் புளிப்புதான் முக்கியம், அதனால் அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் சில விஷயம். அமெரிக்காவில் நொதிக்காத, வடிகட்டாத ஆப்பிள் சாற்றையும் சைடர் என்றுதான் விற்பார்கள். நான் சொல்வது நொதித்த, ஆல்கஹால் உள்ள சைடரை. இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயர், சாமர்செட் பக்கத்துப் பழக்கத்தை ஒட்டித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் சிறிய அளவில் போடுகிறவர்களுக்கு அந்த முறை எளிது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், ஆகவே இது இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி இடங்களில் தோட்டத்து ஆப்பிளை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்குத்தான். அங்கேயும் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு போடலாம் என்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நொதித்து முடிந்த சைடரில் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து இருப்பதால் நோய் தரும் கிருமிகளால் அதில் வளர முடியாது. இங்கே சொல்லப்போகிற பாக்டீரியாக்கள் ருசியைக் கெடுக்கும், உங்கள் உடம்பைக் கெடுக்காது.

பழத்திலிருந்து தொடங்குவோம்

அடிபட்ட பழம் பரவாயில்லை, அழுகின பழம் கூடாது. பழுப்பு நிறத்தில் லேசாகக் கன்றிய இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கை வைத்தால் உள்ளே போகிற மாதிரி மெத்தென்று, வாடையோடு, பூஞ்சை பிடித்து இருப்பதைத் தூக்கிப் போடுங்கள். வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாமே என்று தோன்றும். கால்வாசி பழத்துக்கு மேல் அழுகியிருந்தால் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

காரணம் வெறும் சுத்தம் மட்டுமில்லை. அழுகும் பழத்தில் குளுகோனோபாக்டர், அசிட்டோபாக்டர் போன்ற அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் ஏற்கனவே குடியேறி, பழத்தின் சர்க்கரையைத் தின்று வேறு சில பொருள்களை உண்டாக்கி வைத்திருக்கும். பிறகு நீங்கள் பாதுகாப்புக்காக மாத்திரையாகவோ பொடியாகவோ போடும் சல்பைட்டை (பாக்டீரியாவை அடக்கும் கந்தகச் சேர்மம்) அந்தப் பொருள்கள் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகின்றன. கணக்குப்படி சரியான அளவு போட்டும் ஒரு பலனும் இல்லாமல் போவது இதனால்தான். மாத்திரை பழசாக இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள், கோளாறு பழத்தில் இருந்திருக்கும்.

மரத்தடியில் விழுந்த பழம் பொறுக்குகிறீர்கள் என்றால் அந்தத் தோப்பில் ஆடு மாடு மேய்ந்ததா என்று கேளுங்கள். அறுவடைக்கு எட்டு வாரத்துக்கு முன்பே கால்நடையை வெளியேற்றிவிட வேண்டும் என்பது இங்கிலாந்துத் தோப்புகளில் கடைப்பிடிக்கும் வழக்கம். நொதித்த சைடருக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் பிழிந்த கையோடு ஒரு டம்ளர் பச்சைச் சாறு பிள்ளைக்குக் கொடுப்போம் என்று யாருக்கும் தோன்றும். 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பச்சையாகக் குடித்த ஆப்பிள் சாற்றால் ஈ. கோலை தொற்று பரவியது. குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் சாற்றைச் சூடாக்கி ஆற வைத்துக் கொடுங்கள்.

அப்புறம் பழத்தை நல்ல தண்ணீரில் கழுவி அரைத்துப் பிழியுங்கள். இரும்பும் செம்பும் சாற்றில் பட வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் மூன்றும் சரி.

பாத்திரம் கழுவுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஊறவிட்டுத் தேய்த்து அலசுங்கள், அதன்பிறகு சல்பைட் கரைசலோ ஸ்டார் சான் மாதிரியான அமிலக் கரைசலோ கொண்டு நனைத்து வடியவிடுங்கள். வீட்டு பிளீச் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தங்கினாலும் குளோரினும் ஆப்பிளின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து மருந்துக்கடை நெடி வந்துவிடும், அது போகாது. ரப்பர் குழாய், குழாய்த் திருகு, ஏர்லாக்கின் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) அடிப்பகுதி, இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் பாக்டீரியா ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்குத் தங்கிப் போகும்.

பி.எச். அளக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

புதியவர்களுக்கு ஒரே ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைக்கூட நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் புளிப்பை எண்ணாகக் காட்டும் பி.எச். மீட்டர். விலை குறைந்ததே போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் பி.எச். 4, 7 என்ற இரண்டு சரிபார்ப்புக் கரைசலிலும் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் 2.8 முதல் 4.6 வரை மட்டும் காட்டும் குறுகிய அளவுத் தாள் வாங்குங்கள். 1 முதல் 14 வரை காட்டும் பள்ளிக்கூடத் தாள் இதற்கு உதவாது.

எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். சைடருக்கு 3.2 முதல் 3.8 வரை வசதியான இடம். அதற்குக் கீழே போனால் பாக்டீரியாவுக்குக் கஷ்டம், ஆனால் குடிக்கிறவருக்கும் பல் கூசும். 3.8-க்கு மேலே போனால் எல்லா பாக்டீரியாவுக்கும் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

நாக்கை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. டாபினெட், யார்லிங்டன் மில் போன்ற இங்கிலாந்தின் பெயர்பெற்ற சைடர் ஆப்பிள்கள் துவர்ப்பும் இனிப்புமாக இருக்கும், துவர்ப்பு வாயைப் பிடிப்பதால் இதில் புளிப்பும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அளந்து பார்த்தால் 4-ஐத் தாண்டிக்கூட நிற்கும். கடையில் வாங்கும் காலா, ஃபியூஜி போன்ற தின்னும் பழங்களிலும் இதே சங்கடம். எதிர்ப்பக்கம் பிராம்லி, சமையலுக்கு மட்டுமே ஆகிற அளவுக்குப் புளிக்கும் பழம். இந்த இரண்டு வகையையும் கலந்து பி.எச்.சைச் சரிசெய்வதுதான் நல்ல வழி. ருசியும் கெடாது, பொடி எதுவும் வாங்க வேண்டாம். பிராம்லி கிடைக்காத இடத்தில் காட்டு ஆப்பிள் எனப்படும் சின்னச் சின்னப் புளிப்புக் காய்கள் வேலியோரங்களில் காய்த்துக் கிடக்கும், அவையும் சரி.

கலக்கப் பழமே இல்லையென்றால் மாலிக் அமிலப் பொடி. ஆப்பிளில் இயல்பாக இருக்கும் அமிலம் அதுதான். லிட்டருக்கு அரை கிராம் என்று போட்டு, நன்றாகக் கலக்கி, மறுபடி அளந்து, தேவையானால் இன்னொரு அரை கிராம். ஒரேயடியாகக் கொட்டாதீர்கள்.

சல்பைட் எவ்வளவு, ஏன் அவ்வளவு

கேம்டன் மாத்திரை என்று கடையில் கேட்டால் தருவார்கள். சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை மாத்திரையாக அழுத்தியது. சாற்றில் கரைந்ததும் கந்தக டை ஆக்சைடு தரும். நாலரை லிட்டருக்கு ஒரு மாத்திரை போட்டால் சுமார் 50 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம்.

பி.எச். 3.0-க்குக் கீழே இருந்தால் ஒன்றும் போட வேண்டாம். 3.0 முதல் 3.3 வரை நாலரை லிட்டருக்கு ஒரு மாத்திரை, 3.3 முதல் 3.5 வரை இரண்டு, 3.5 முதல் 3.8 வரை மூன்று. 3.8-க்கு மேலே இருந்தால் முதலில் புளிப்பைச் சேர்த்து 3.8-க்குக் கீழே இறக்குங்கள், அப்புறம் மூன்று.

சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு கூடுதலா என்று கேட்கலாம். சாற்றில் தனித்து நிற்கும் கந்தக டை ஆக்சைடு முழுவதும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, அதில் மூலக்கூறாக நிற்கும் ஒரு சிறு பங்குதான் கொல்கிறது. பி.எச். 3.0-இல் அந்தப் பங்கு சுமார் 6 சதவீதம். 3.5-இல் 2 சதவீதம். 3.8-க்குப் போனால் வெறும் 1 சதவீதம். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் ஏறினாலும் மருந்தின் வீரியம் அவ்வளவு இறங்குகிறது. அதனால்தான் புளிப்பை முதலில் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண். வணிகச் சைடருக்கு பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உச்ச வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம், அதை வீட்டிலும் தாண்ட வேண்டாம்.

பொடியாக வாங்கினால் கணக்கு இப்படி: உங்களிடம் 20 லிட்டர் சாறு, பி.எச். 3.6. லிட்டருக்கு 150 மில்லிகிராம் வேண்டும், மொத்தம் 3 கிராம். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டின் எடையில் ஏறக்குறைய பாதிதான் கந்தக டை ஆக்சைடாகக் கிடைக்கும், எனவே 6 கிராம் பொடி. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடி, ஒரு நாள் விடுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் ஈஸ்ட் போட வேண்டும், முந்திக்கொண்டு போட்டால் ஈஸ்ட்டும் சேர்ந்து அடிபடும். பொடியைக் கரைக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வேலையை வெளியே வைத்துச் செய்யுங்கள், அவருக்கு அந்தச் சைடரை ஊற்றும் முன் இதில் சல்பைட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

சல்பைட்டே இல்லாமல் இயற்கையாகப் போட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. முடியும், நன்றாகவும் வரும், ஆனால் பி.எச். 3.4-க்குக் கீழே இருக்க வேண்டும், பழம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும், குளிர்ந்த இடம் வேண்டும். முதல் வருடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

நொதிக்கும்போது

ஈஸ்ட் வேகமாகக் கிளம்புவதே பெரிய பாதுகாப்பு. அது விடும் கரியமில வாயு சாற்றின் மேல் போர்வையாக நிற்கும், காற்று தேவைப்படும் பாக்டீரியாவுக்கு அங்கே இடமில்லை. முதல் சில நாள் நுரை பொங்க இடம் விட்டு வையுங்கள், நுரை அடங்கியதும் கழுத்து வரை நிரப்பி ஏர்லாக் மாட்டுங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றவிடக் கூடாது. பழ ஈ ஒன்று உள்ளே விழுந்தாலும் அதன் காலோடு அசிட்டிக் பாக்டீரியா வந்து சேரும், ஜாடியின் வாயைத் துணியால் மட்டும் மூடி வைப்பது போதாது.

10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த அறையில் மெதுவாக நொதிக்கட்டும். ஹைட்ரோமீட்டரில் சாறு தொடக்கத்தில் 1.045 முதல் 1.060 வரை காட்டும், முடிவில் 1.000 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். அது கீழே இறங்குவது சைடரின் பாதுகாப்புக்கும் நல்லது, ஏனென்றால் சர்க்கரை மிச்சமில்லாத சைடரில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு குறைவு. இனிப்பாக நிறுத்த வேண்டும் என்ற ஆசையை முதல் தடவை கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். இனிப்பு வேண்டுமானால் குடிக்கும்போது சேர்க்கலாம்.

வண்டல் மாற்றுவதும் காற்றும்

நொதித்து முடிந்ததும் அடியில் ஈஸ்ட் வண்டல் படியும். அது மாதக்கணக்கில் கிடந்தால் செத்த ஈஸ்ட் உடைந்து அதிலுள்ள சத்தெல்லாம் சைடரில் இறங்கும், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்றுதான் கொழுக்கிறது. எனவே 1.005 அளவில், அல்லது முற்றிலும் அடங்கிய பிறகு, வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். ஊற்றாதீர்கள், சைஃபன் குழாயைப் புது ஜாடியின் அடி வரை விட்டுச் சத்தமில்லாமல் இறக்குங்கள். சளசளவென்று விழுந்தால் காற்று கலக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது ஒரு 50 பி.பி.எம். சல்பைட்.

புது ஜாடி கழுத்து வரை நிரம்ப வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். 20 லிட்டர் ஜாடியில் 17 லிட்டர் ஊற்றி மூடிவிட்டு இரண்டு மாதம் மறந்துவிட்டால் மேலே இருக்கும் காற்று போதும், அசிட்டோபாக்டர் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். குறைகிற இடத்தைப் பழைய சைடரால் நிரப்புங்கள், இல்லையென்றால் கழுவிய கண்ணாடிக் கோலிக்குண்டு போடுங்கள், அல்லது மீதியைச் சின்ன பாட்டில்களில் பிரித்து வையுங்கள்.

மேற்பரப்பில் ஏடு கட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். வெள்ளையாக, பொடி தூவியது போல, தொட்டால் துண்டு துண்டாக உடைந்து மூழ்கினால் அது படல ஈஸ்ட், பாக்டீரியா இல்லை. கழுத்து வரை நிரப்பி 50 பி.பி.எம். சல்பைட் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மெல்லிய சாம்பல் நிறத்தில் பளபளப்பான ஏடு, மூக்கில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, தொண்டையின் பின்பக்கம் எரிச்சல், இவையெல்லாம் இருந்தால் அசிட்டிக் பாக்டீரியா வேலை தொடங்கிவிட்டது. உண்டான அமிலத்தை வீட்டில் எடுக்க வழியில்லை. நல்ல சைடரோடு கலந்து சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த நல்ல சைடருக்கும் தொற்றிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சல்பைட் போட்டு, நிரப்பி, சீக்கிரம் குடித்துவிடலாம். முற்றிப்போனால் வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றி முழுதாக வினிகராகவே ஆக விடுங்கள், நல்ல ஆப்பிள் வினிகர் கிடைக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலும் பாஸ்க் நாட்டிலும் போடும் சைடரில் இந்த வினிகர்த்தன்மை ஓரளவு இருக்கத்தான் செய்யும், அங்கே அது ருசியின் ஒரு பகுதி. பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாசில் ஊற்றுகிற அஸ்தூரியாஸ் சைடர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது. எனவே எது கெட்டது, எது குணம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அவர்கள் அந்த எல்லைக்குள் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

வசந்தம் வரும்போது

குளிர் விட்டு அறை 15 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மாதக்கணக்காகச் சும்மா இருந்த ஏர்லாக் திடீரென்று மெதுவாகக் குமிழி விடும். பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது ஈனோகாக்கஸ் ஈனி போன்ற லாக்டிக் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுவது. கடுமையான புளிப்பு மென்மையாகிவிடும். ஹெர்ஃபோர்ட்ஷயர், சாமர்செட் சைடர்களில் வரும் அந்தப் புகை வாசமும் மசாலா வாசமும், கொஞ்சம் குதிரை லாய வாசமும்கூட, துவர்ப்புப் பழங்களில் இந்த பாக்டீரியாக்கள் செய்யும் வேலையால்தான். பிராம்லி மாதிரி புளிப்புப் பழத்தில் போட்டிருந்தால் இதை நான் வரவேற்கவே சொல்வேன்.

சிக்கல் எப்போது என்றால், சர்க்கரை மிச்சமிருந்து பி.எச். 3.8 பக்கம் நிற்கும்போது. அதே பாக்டீரியாக்கள் அமிலத்தை விட்டுவிட்டுச் சர்க்கரையில் இறங்கினால் லாக்டிக் அமிலத்தோடு அசிட்டிக் அமிலமும் உண்டாகும், காற்றே இல்லாத மூடிய ஜாடியிலும் வினிகர் வாடை வருவது இப்படித்தான். இனிப்புச் சைடர் அதிகம் போடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. வெண்ணெய் வாசம் தூக்கலாக வந்தாலும் இவைதான் காரணம். வேண்டிய அளவு புளிப்பு குறைந்ததும் வண்டல் நீக்கி மாற்றி, 50 பி.பி.எம். சல்பைட் போட்டு, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு போய்விடுங்கள்.

இந்தப் பருவத்தில்தான் கொழகொழப்பும் வரும். கிளாசில் ஊற்றினால் சத்தமே இல்லாமல் இறங்கும், குமிழி மேலே வராமல் நடுவிலேயே நிற்கும், பாட்டிலை நிமிர்த்தினாலும் நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி நூலாக இழுக்கும். பார்த்தவுடன் கொட்டிவிடத் தோன்றும். கொட்டாதீர்கள். சில லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து நீளமான சங்கிலி மூலக்கூறுகளைப் பின்னி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான், ருசி அநேகமாக அப்படியே இருக்கும். வாளியில் ஊற்றி, சுத்தமான கரண்டியாலோ துளைப்பான் இயந்திரத்தில் மாட்டும் கலக்கியாலோ பலமாக அடித்துக் கலக்குங்கள். அந்தச் சங்கிலிகள் அறுந்து சைடர் இளகிவிடும். கூடவே 100 பி.பி.எம். சல்பைட் போட்டு, ஜாடியில் நிரப்பி, தெளிந்ததும் வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். கெட்டுப்போன சைடரில் முழுதாக மீட்க முடிகிற ஒரே வகை இதுதான் என்று சொல்லலாம்.

மீட்க முடியாதது எலி வாடை. முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. வாயில் வைத்தாலும் நன்றாகவே இருக்கும். விழுங்கி, சில வினாடி கழித்து நாக்கின் பின்பக்கத்திலிருந்து எலிக்கூண்டு வாடையும் பழைய பிஸ்கட் ருசியும் கலந்து எழும்பி, நெடுநேரம் போகாது. அந்தப் பொருள் சைடரின் புளிப்பில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கிறது, எச்சிலில் புளிப்பு குறைந்ததும் வெளிவருகிறது. சந்தேகமென்றால் ஒரு ஸ்பூன் சைடரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு முகர்ந்து பாருங்கள், அல்லது புறங்கையில் தேய்த்து முகருங்கள். சிலரால் இதை உணரவே முடியாது, ஆகவே வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். லாக்டிக் பாக்டீரியாவோ பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டோ காரணமாக இருக்கலாம், காற்று பட்டால் இன்னும் மோசமாகும், போக்க மருந்தில்லை. சல்பைட்டே போடாத, பி.எச். கூடின சைடரில் இது அடிக்கடி வருகிறது.

சைடர் நோய்

இது அபூர்வம், ஆனால் எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் சுவாரசியமானது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டனில் 1903-இல் பழத்துக்கும் சைடருக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள், 2003 வரை இருந்தது. அங்கே பார்க்கர், ஹில்லியர் என்ற இருவர் 1912-இல் சைடர் நோய் பற்றி எழுதினார்கள். இனிப்பு மிச்சமுள்ள சைடர் வெயில் காலத்தில் திடீரென்று மறுபடி கொந்தளிக்கும், பால் மாதிரி கலங்கும், வாழைப்பழத் தோல் வாசம் வரும், கடைசியில் உடம்பே இல்லாமல் சப்பென்று ஆகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ஃப்ராம்புவாசே என்பார்கள். இதற்குக் காரணமான பாக்டீரியாவின் பெயர் சைமோமோனஸ். இதே இனம் நம் பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் ஈஸ்ட்டோடு சேர்ந்து பாளைச் சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. கள்ளில் வேலைக்காரனாக இருப்பது சைடரில் நோயாகிறது.

இதற்குச் சல்பைட் கைகொடுக்காது. சைமோமோனஸ் அசிட்டால்டிஹைடை ஏராளமாக உண்டாக்கும், அது கந்தக டை ஆக்சைடைப் பிடித்துக் கட்டிவிடும். கலங்கலுக்கும் அந்த அசிட்டால்டிஹைடு ஆப்பிளின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்வதுதான் காரணம். ஆனால் புளிப்பு இதற்கு ஆகாது: பி.எச். 3.7-க்குக் கீழே இருந்தால் தலையெடுக்க மாட்டாது, சர்க்கரை மிச்சமில்லாவிட்டாலும் வேலையில்லை. முதல் நாள் பி.எச்.சைச் சரிசெய்து கடைசி வரை நொதிக்க விட்டவர் இந்தப் பெயரைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாட்டிலில் அடைக்கும் முன்

ஹைட்ரோமீட்டரில் இரண்டு வாரம் ஒரே எண் நிற்கிறதா, மாலிக் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். ஏர்லாக் இன்னும் குமிழி விட்டால் பொறுங்கள், அந்த வாயு பாட்டிலுக்குள் அடைபட்டால் கண்ணாடி வெடிக்கும். நுரைச் சைடர் வேண்டி லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்ப்பதானால் ஷாம்பெயின் பாட்டில், பீர் பாட்டில் போன்ற தடித்த கண்ணாடியில் மட்டும் அடையுங்கள். ஒயின் பாட்டில் தாங்காது.

நுரையில்லாத இனிப்புச் சைடர் வேண்டுமென்றால் பாட்டிலோடு சூடாக்குவதுதான் நிச்சயமான வழி. பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மேலே சிறிது இடம் விட்ட பாட்டில்களை மூடியைத் தளர்த்தி நிறுத்தி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, உள்ளிருக்கும் சைடர் 65 டிகிரி வந்த பிறகு 20 நிமிடம் அதிலேயே வைத்து, எடுத்ததும் மூடியை இறுக்கி ஆற விடுங்கள். நுரையுள்ள பாட்டிலை இப்படிச் சூடாக்காதீர்கள்.

ஒரு ஜாடி கெட்டுவிட்டால் அதில் பட்ட ரப்பர் குழாய், ஏர்லாக் ரப்பர், பிளாஸ்டிக் வாளியில் கீறல் விழுந்தவை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை. கண்ணாடி ஜாடியைப் பெர்கார்பனேட்டில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். மரப்பீப்பாய் என்றால் வினிகர் பிடித்ததை இனிச் சைடருக்கு எடுக்க முடியாது, மரத்துக்குள் இறங்கினது எதற்கும் வெளியே வராது. அதை வினிகருக்கே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சைடர் இருக்கும் அறையிலிருந்து தள்ளி.